புழுவில் தொடங்கி கொரோனா வரை: ஒரு துண்டுச்சீட்டின் வரலாறு

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரே மூச்சில் முடியாவிட்டால் இரண்டு தவணையாகப் படியுங்கள்.

2024 அக்டோபர் 7 அன்று மருத்துவத்துக்கான நோபல் பரிசு விக்டர் அம்ப்ரோஸ், கேரி ருவ்குன் என்ற இரண்டு அமெரிக்க அறிவியலாளர்களுக்கு அறிவிக்கப்பட்டது. மைக்ரோ ஆர்என்ஏ என்ற ஒன்றைக் கண்டுபிடித்ததற்காக. அன்றிலிருந்து என் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குழப்பம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "சார், கொரோனா தடுப்பூசியில போட்டாங்களே எம்ஆர்என்ஏ, அதுதானே இது?" என்று ஒருவர். "நம்ம உடம்புக்குள்ள எதையோ ஏத்திவிட்டு அதுக்குப் பரிசும் வாங்கிட்டாங்க" என்று இன்னொரு குரல் பதிவு. ஆளாளுக்குப் பதில் எழுதுவதைவிட, இதை வரலாறாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் அந்தச் சந்தேகத்தை முடித்துவிடுவோம். எம்ஆர்என்ஏ வேறு, மைக்ரோ ஆர்என்ஏ வேறு. எம்ஆர்என்ஏ ஆயிரக்கணக்கான எழுத்துகள் கொண்ட நீண்ட செய்தி. மைக்ரோ ஆர்என்ஏ சுமார் 22 எழுத்து மட்டுமே கொண்ட சின்னத் துண்டு. இரண்டும் செய்யும் வேலை ஏறக்குறைய எதிரும் புதிரும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் பெரும்பாலோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டுமே எம்ஆர்என்ஏ வகைத் தடுப்பூசிகள் கிடையாது. முதலாவது, பெருக முடியாதபடி மாற்றிய ஒரு அடினோவைரஸைச் சுமக்கும் வாகனமாகப் பயன்படுத்தியது. இரண்டாவது, செயலிழக்கச் செய்த கொரோனா வைரஸ்.

இனி கதைக்கு வருவோம்.

ஒரு செல், ஒரு பள்ளிக்கூடம்

வகுப்பில் பாடம் நடத்திய பழக்கம் போகாது. ஒரு செல்லை ஒரு பள்ளிக்கூடமாக நினைத்துக்கொள்ளுங்கள். உட்கரு என்பது தலைமையாசிரியர் அறை. அங்கே பூட்டிய பீரோவில் மூலப்பதிவேடு இருக்கிறது. அதுதான் டிஎன்ஏ. அது அறையை விட்டு வெளியே வராது. ஏதாவது ஒரு வேலை நடக்க வேண்டுமென்றால், அந்தப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்துச் சுற்றறிக்கையாக வகுப்புகளுக்கு அனுப்புவார்கள். அந்தச் சுற்றறிக்கைதான் எம்ஆர்என்ஏ. வகுப்பாசிரியர் அதைப் படித்து, சொன்னபடி செய்வார். அவர்தான் ரைபோசோம். அவர் செய்து முடிக்கும் வேலைதான் புரதம்.

இதுவரை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் பள்ளி நடத்தியவர்களுக்கு ஒன்று தெரியும். சுற்றறிக்கை அனுப்பினால் மட்டும் பள்ளி நடக்காது. அனுப்பியதை நிறுத்தவும் ஒரு வழி வேண்டும். "இதை இப்போது செயல்படுத்த வேண்டாம்" என்று ஒரு துண்டுச்சீட்டு எழுதி அந்தச் சுற்றறிக்கையின் வால் பகுதியில் குத்திவிட்டால் போதும், வேலை நின்றுவிடும். செல்லுக்குள் அந்தத் துண்டுச்சீட்டுதான் மைக்ரோ ஆர்என்ஏ. அதை எழுதி அனுப்பும் மரபணுக்கள் மட்டும் மனிதனுக்கு ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன என்று இன்று தெரியும். 1993 வரை அப்படி ஒன்று இருப்பதே உலகத்தில் யாருக்கும் தெரியாது.

மண்ணில் நெளியும் ஒரு மில்லிமீட்டர்

சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்று ஒரு உருளைப்புழு. நீளம் 1 மில்லிமீட்டர். மண்ணில் வாழ்வது. யாருக்கும் நோய் தராது. உடல் ஒளி ஊடுருவும் அளவுக்குத் தெளிவாக இருப்பதால், நுண்ணோக்கியில் ஒவ்வொரு செல்லாக எண்ணலாம். வளர்ந்த புழுவில், இனச்செல்களை விட்டுவிட்டு எண்ணினால், சரியாக 959 செல்கள். 1960-களில் கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னர் இதை ஆராய்ச்சிக்கு எடுத்தார்.

இந்தப் புழுவில் இரண்டு வகைக் கோளாறுகளைக் கவனித்தார்கள். ஒரு வகைப் புழு, முதல் பருவத்து வேலையையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தது. ஒன்றாம் வகுப்பிலேயே மீண்டும் மீண்டும் உட்காரும் பிள்ளை மாதிரி. அதில் பழுதாகியிருந்த மரபணுவின் பெயர் லின்-4. இன்னொரு வகை இதற்கு நேர் எதிர். டபுள் புரமோஷன் வாங்கியதுபோல் முதல் பருவத்தைத் தாண்டிக் குதித்துவிட்டது. அதில் பழுது லின்-14 என்ற மரபணுவில். அப்படியென்றால் லின்-4 தான் லின்-14-ஐ உரிய நேரத்தில் அடக்குகிறது. எப்படி அடக்குகிறது என்பதுதான் கேள்வி.

அம்ப்ரோஸும் ருவ்குனும் எம்ஐடி-யில் ராபர்ட் ஹார்விட்ஸ் என்பவரிடம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். பிறகு தனித்தனி ஆய்வகம் அமைத்துக்கொண்டார்கள். அம்ப்ரோஸ் லின்-4-ஐயும், ருவ்குன் லின்-14-ஐயும் எடுத்துக்கொண்டார்கள். லின்-4-ஐப் பிரித்தெடுக்க ஆண்டுகள் பிடித்தன. பிடித்த பிறகு பார்த்தால், அது எந்தப் புரதத்தையும் உருவாக்கவில்லை. கிடைத்தது 22 எழுத்து ஆர்என்ஏ ஒன்று. புரதம் செய்யாத மரபணு என்ன வேலை பார்க்க முடியும்?

1992-இல் இருவரும் தங்களிடம் இருந்த எழுத்து வரிசைகளைப் பரிமாறிக்கொண்டார்கள். தொலைபேசியில் பேசிக்கொண்டே ஒப்பிட்டபோது, லின்-4-இன் 22 எழுத்தும், லின்-14 சுற்றறிக்கையின் வால் பகுதியில் பல இடங்களோடு ஜோடி சேருவது தெரிந்தது. பூட்டும் சாவியும் போல. சீட்டு எங்கே குத்தப்படுகிறது என்பது புரிந்துவிட்டது. 1993 டிசம்பரில் 'செல்' இதழில் இரண்டு கட்டுரைகளும் ஒரே இதழில் வெளிவந்தன. அம்ப்ரோஸ் குழுவின் கட்டுரையில் முதல் பெயர் ரோசலிண்ட் லீ. அவர் அம்ப்ரோஸின் மனைவி.

ஏழு ஆண்டு மௌனம்

இவ்வளவு பெரிய கண்டுபிடிப்புக்கு உலகம் என்ன சொன்னது? ஒன்றும் சொல்லவில்லை. "ஏதோ ஒரு புழுவின் விநோதம்" என்று கடந்து போய்விட்டார்கள். கட்டுரை வெளிவருவதற்கு முன்பே அம்ப்ரோஸுக்கு ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்காமல் போயிருந்தது. டார்ட்மவுத் கல்லூரிக்கு மாறிப் போயிருந்தார்.

2000-இல் ருவ்குன் குழு லெட்-7 என்ற இரண்டாவது துண்டைக் கண்டுபிடித்தது. அதே ஆண்டு, அந்த லெட்-7 ஈயில் இருக்கிறது, மீனில் இருக்கிறது, மனிதனிலும் இருக்கிறது என்று காட்டினார்கள். அப்போதுதான் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 2001 அக்டோபரில் மூன்று குழுக்கள் ஒரே நேரத்தில் 'சயின்ஸ்' இதழில் புதிய துண்டுகளைப் பட்டியல் போட்டன. மைக்ரோ ஆர்என்ஏ என்ற பெயரும் அப்போது வந்ததுதான். இந்த ஏற்பாடு விலங்குகளில் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது என்கிறார்கள்.

இந்தச் சீட்டு எப்படித் தயாராகிறது என்றும் தெரிந்தது. முதலில் ஒரு நீண்ட ஆர்என்ஏ தானே மடிந்து கொண்டை ஊசி வடிவம் எடுக்கும். உட்கருவுக்குள் ட்ரோஷா என்ற நொதி அதை ஒருமுறை வெட்டும். தென்கொரியாவின் சியோலில் நாரி கிம் என்ற பெண் அறிவியலாளரின் குழு 2003-இல் இதைக் கண்டறிந்தது. இவர் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடியும் வருவார். பிறகு அந்தத் துண்டு உட்கருவுக்கு வெளியே வந்ததும் டைசர் என்ற நொதி இரண்டாம் முறை வெட்டும். கடைசியில் ஆர்கோநாட் என்ற புரதம் அந்தத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, பொருத்தமான சுற்றறிக்கையைத் தேடிப் போகும். சீட்டு எழுதியவர் வேறு, குத்துபவர் வேறு.

வைரஸ் என்னும் போலிச் சுற்றறிக்கை

வைரஸுக்குச் சொந்தமாகப் பள்ளிக்கூடம் இல்லை. அடுத்தவர் பள்ளியில் நுழைந்து, அங்கிருக்கும் வகுப்பாசிரியர்களை வைத்தே தன் வேலையை முடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட கில்லாடி இந்தத் துண்டுச்சீட்டு முறையை மட்டும் விட்டுவைக்குமா?

2004-இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் தாமஸ் டுஷ்ல் குழு, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தனக்கென்று சொந்தமாக மைக்ரோ ஆர்என்ஏ தயாரிக்கிறது என்று காட்டியது. முதல் பட்டியலிலேயே ஐந்து.

2005-இல் ஸ்டான்போர்டில் கேத்தரின் ஜோப்ளிங், பீட்டர் சார்னோ ஆகியோர் இன்னொரு தந்திரத்தைக் கண்டார்கள். நம் கல்லீரல் செல்களில் மிஆர்-122 என்ற மைக்ரோ ஆர்என்ஏ ஏராளமாக இருக்கும். அது ஒட்டினால் வேலை நிற்க வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் ஹெபடைடிஸ் சி வைரஸின் ஆர்என்ஏ-வில் அது தலைப்பகுதியில் போய் ஒட்டுகிறது. ஒட்டியதும் வைரஸ் அடங்கவில்லை, செழித்தது. காவலுக்கு வைத்த ஆளைத் திருடன் தனக்குக் குடை பிடிக்க வைத்த கதைதான்.

இதிலிருந்து ஒரு மருந்தும் வந்தது. மிஆர்-122-ஐக் கட்டிப்போடும் மிராவிர்சென். 36 நோயாளிகளிடம் செய்த சோதனை 2013-இல் வெளியானது. இரத்தத்தில் வைரஸ் அளவு குறைந்தது. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோபோஸ்புவிர் மாத்திரை, நோயைக் குணப்படுத்துவதில் வெகு தூரம் முன்னே போய்விட்டது. மிராவிர்சென் சந்தைக்கே வரவில்லை.

2010-இல் மூன்றாவது தந்திரம். குரங்குகளில் வாழும் ஒரு ஹெர்பெஸ் வகை வைரஸ், மிஆர்-27 என்ற சீட்டை வளைத்துப் பிடித்து அழித்துவிடுகிறது என்று யேல் பல்கலைக்கழகத்தின் ஜோன் ஸ்டைட்ஸ் குழு கண்டது. ஜோன் ஸ்டைட்ஸ், ஜேம்ஸ் வாட்சனிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த முதல் பெண். இவர் பெயரும் மறுபடி வரும்.

ஆக மூன்று வழிகள். சொந்தச் சீட்டு எழுதுவது, நம் சீட்டைத் தனக்குச் சாதகமாக்குவது, நம் சீட்டைப் பிடுங்கிக் கிழிப்பது.

கொரோனா குடும்பம்

கொரோனா வைரஸ் ஒரே ஒரு வைரஸின் பெயர் இல்லை, ஒரு குடும்பப் பெயர். 1960-களில் ஜூன் அல்மெய்டா என்ற பெண் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதைப் படம் எடுத்தார். கிளாஸ்கோவில் ஒரு பேருந்து ஓட்டுநரின் மகள், 16 வயதில் பள்ளியை விட்டவர். அந்த மாதிரி எங்கிருந்து வந்தது தெரியுமா? இங்கிலாந்தில் சளி பிடித்த ஒரு விடுதிப் பள்ளி மாணவனின் மூக்கிலிருந்து. 1968-இல் கொரோனா என்ற பெயர் அச்சேறியது.

இந்தக் குடும்பத்தின் மரபுப்பொருள் ஆர்என்ஏ. அதுவும் வகுப்பாசிரியர் நேராகப் படிக்கக்கூடிய வகை. அதாவது தலைமையாசிரியர் முத்திரையோடு தயாராக வரும் போலிச் சுற்றறிக்கை. 2019-இல் வந்த வைரஸுக்கு நீளம் சுமார் 29,900 எழுத்து.

இந்தக் குடும்பத்தில் மைக்ரோ ஆர்என்ஏ விளையாட்டு உண்டா என்று கொரோனாவுக்கு முன்பே தேடியிருக்கிறார்கள். சாதாரணச் சளி தரும் ஓசி43 என்ற கொரோனா வைரஸின் புரதம் ஒன்று மிஆர்-9-ஐப் பிடித்துக்கொள்கிறது என்று 2014-இல் கனடாவில் கண்டார்கள். 2002-03-இல் உலகில் 8,096 பேரைத் தாக்கி 774 உயிர்களைப் பறித்த சார்ஸ் வைரஸை, மாட்ரிட்டில் லூயிஸ் என்ஹுவானெஸ் குழு எலிகளில் ஆராய்ந்தது. 18 முதல் 22 எழுத்து கொண்ட மூன்று சின்ன ஆர்என்ஏ துண்டுகள் வைரஸிலிருந்தே உண்டாவதை 2017-இல் வெளியிட்டார்கள். அதில் ஒன்றைத் தடுத்தபோது எலிகளின் நுரையீரல் சேதம் குறைந்தது.

2017-இல் இதைப் படித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? சார்ஸ்தான் போய்விட்டதே, இனி எதற்கு என்று கேட்டவர்களும் இருந்திருப்பார்கள்.

2020-21

2020 ஏப்ரலில், புதிய கொரோனா வைரஸ் செல்லுக்குள் தயாரிக்கும் ஆர்என்ஏ-க்களின் முழு வரைபடத்தை வெளியிட்டவர் யார்? அதே சியோல் நாரி கிம் குழு. பல ஆண்டுகளாக மைக்ரோ ஆர்என்ஏ-வில் தேர்ந்த கை, நெருக்கடி வந்ததும் சில வாரங்களில் வேலையை முடித்தது. குரங்குச் சிறுநீரகச் செல்களில் அவர்கள் பார்த்தபோது, படிக்கப்பட்ட ஆர்என்ஏ-வில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வைரஸுடையது. பள்ளியில் உள்ள காகிதத்தில் பெரும்பகுதி போலிச் சுற்றறிக்கை ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாட்களில் கணினியில் எழுத்துகளை ஒப்பிட்டு, "மனிதனின் இந்த மைக்ரோ ஆர்என்ஏ கொரோனாவோடு ஒட்டும், அந்த மைக்ரோ ஆர்என்ஏ அழிக்கும்" என்று ஏராளமான கட்டுரைகள் வந்தன. வயதானவர்களிடம் இவை குறைவதால்தான் நோய் கடுமையாகிறதோ என்ற கருத்தும் வந்தது. அறுபது தாண்டிய நமக்கெல்லாம் வயிற்றில் புளியைக் கரைத்த செய்தி அது. ஆனால் காகிதத்தில் பொருந்துவது வேறு, செல்லுக்குள் நடப்பது வேறு. எழுத்து ஆறேழு பொருந்துவது 30,000 எழுத்தில் தற்செயலாகவே பல இடங்களில் நடக்கும். மேலும் 2014-இலேயே ஒரு சோதனை செய்திருந்தார்கள். டைசர் இல்லாமல் செய்த மனிதச் செல்களிலும், இருக்கும் செல்களிலும் பல வைரஸ்களை வளர்த்துப் பார்த்தபோது, பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வளர்ந்தன. நம் சீட்டுகள் பல வைரஸ்களை அவ்வளவாகத் தொடுவதில்லை.

2021-இல் ஜோன் ஸ்டைட்ஸ் குழுவின் முடிவு வந்தது. அப்போது அவருக்கு வயது 80. மனித நுரையீரலிலிருந்து வந்த மூன்று வகைச் செல்களிலும், நோயாளிகளின் மூக்குச் சளி மாதிரிகளிலும் தேடினார்கள். நம் மைக்ரோ ஆர்என்ஏ-க்களின் அளவில் பெரிய, சீரான மாற்றம் எதுவும் தெரியவில்லை. தேடாத ஒன்று கிடைத்தது. வைரஸின் ஓஆர்எஃப்7ஏ என்ற மரபணுப் பகுதியிலிருந்து மைக்ரோ ஆர்என்ஏ போன்ற ஒரு துண்டு உருவாகிக்கொண்டிருந்தது. ஆர்கோநாட்டின் கையிலும் அது இருந்தது. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இன்னொரு குழுவும் தனியாக இதையே கண்டு 2022-இல் வெளியிட்டது. இரண்டு ஊர், இரண்டு குழு, ஒரே விடை. அறிவியலில் நம்பிக்கை இப்படித்தான் கூடுகிறது.

இது ஏன் எதிர்பாராதது? கொரோனா வைரஸ் உட்கருவுக்குள் போவதில்லை. முதல் வெட்டு வெட்டும் ட்ரோஷா இருப்பதோ உட்கருவில். பின் எப்படிச் சீட்டு தயாராகும்? இந்தத் துண்டுக்கு ட்ரோஷா தேவையே இல்லை என்று யேல் குழு காட்டியது. வைரஸின் ஆர்என்ஏ-விலேயே உறுதியான ஒரு கொண்டை ஊசி மடிப்பு இருக்கிறது. செல்லின் மற்ற கருவிகளைக் கொண்டு அது வெட்டப்படுகிறது.

சரி, அந்தச் சீட்டு யார்மேல் குத்தப்படுகிறது? சந்தேகிக்கப்படும் இலக்குகளில் முக்கியமானது பிஏடிஎஃப்2 என்ற மரபணு. இது இன்டர்ஃபெரான் என்ற அபாயமணி ஏற்பாட்டோடு தொடர்புடையது. பள்ளிக்குள் திருடன் வந்தால் மணி அடிக்க வேண்டும். அந்த மணி அடிக்கும் உத்தரவின் மேல் "வேண்டாம்" என்று திருடனே சீட்டுக் குத்துகிறான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2021 மே மாதம், என்னோடு பல ஆண்டுகள் ஒரே பள்ளியில் கணக்கு எடுத்த நண்பரை இழந்தேன். காரியம் முடிந்த பிறகு அவர் மகள் கேட்டாள்: "ஆரம்பத்துல அப்பாவுக்கு வெறும் தொண்டைக் கரகரப்புதான் மாமா. நடந்துக்கிட்டும் பேசிக்கிட்டும்தான் இருந்தார். எட்டாம் நாள் எப்படி மாமா இப்படி ஆச்சு? நாங்கதான் கவனிக்காம விட்டுட்டமா?"

அந்தக் கேள்வி பல வீடுகளில் இன்னும் இருக்கிறது என்பதால் இங்கே எழுதுகிறேன். இந்த வைரஸ் ஆரம்பத்தில் அபாயமணியை அமுக்குவதில் கெட்டிக்காரன். அதன் என்எஸ்பி1 புரதம், நம் சுற்றறிக்கைகள் நுழையும் ரைபோசோமின் வாயையே அடைக்கிறது. ஓஆர்எஃப்6 புரதம், செய்தி உட்கருவுக்குள் போகும் வாசலை மறிக்கிறது. இன்டர்ஃபெரான் மந்தமாகவும், அழற்சியைத் தூண்டும் பொருள்கள் மிகையாகவும் இருப்பதை 2020-இலேயே கண்டார்கள். அந்தச் சீட்டு இந்தக் கூட்டத்தில் ஒரு ஆள். அளவில் குறைவு முதல் நடுத்தரம் வரைதான். நண்பரின் உயிரை அது எடுத்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் உள்ளே மணி அடிக்காத நாட்களில் வெளியே இருப்பவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாமல் போகலாம். அது கவனக்குறைவு இல்லை. அந்தப் பெண்ணிடம் அதைத்தான் சொன்னேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தால், நீங்களும் சொல்லுங்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

1. மைக்ரோ ஆர்என்ஏ நம் உடம்பில் யாரும் ஏற்றியது இல்லை. புழுவுக்கும் நமக்கும் பொதுவான, பழைய சொத்து.

2. மைக்ரோ ஆர்என்ஏ-வை அடிப்படையாகக் கொண்டு கொரோனாவைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் இன்று வழக்கில் இல்லை. அப்படி மாத்திரையோ பொடியோ யாராவது விற்றால், பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

3. "கணினி ஆய்வில் தெரியவந்துள்ளது" என்ற செய்தியைப் படித்தால், செல்லில் சோதித்தார்களா, வேறு குழுவும் அதையே கண்டதா என்று கேளுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லித்தரும் அதே கேள்விதான்.

4. ஒரு மில்லிமீட்டர் புழுவின் வளர்ச்சியை ஆராய்ந்தபோது, அது என்ன பயன் தரும் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. 27 ஆண்டு கழித்து ஒரு பெருந்தொற்று வந்தபோது, எந்தக் கருவியை எடுத்து எங்கே தேட வேண்டும் என்று தெரிந்த ஆட்கள் சியோலிலும் யேலிலும் பாரிஸிலும் தயாராக இருந்தார்கள். அடிப்படை ஆராய்ச்சிக்குக் காசு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

ஆசிரியப் பணியில் இருக்கும் தம்பி தங்கைகள், சுற்றறிக்கையும் துண்டுச்சீட்டும் உதாரணத்தை வகுப்பில் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பிள்ளைகளிடமே இரண்டு காகிதம் கொடுத்து நடித்துக்காட்டச் சொன்னால் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் பின்னூட்டத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவை மட்டும் தயவுசெய்து எனக்கே திருப்பி அனுப்பாதீர்கள், ஏற்கெனவே 14 முறை வந்துவிட்டது!